வதனி சொல்லாத ஊர்

சனிக்கிழமை மாலை ஐந்து இருபதுக்கு நான் சன்னல் திரையை விலக்கியபோது கடல் அங்கே இல்லை.

மகளின் மடிக்கணினியில் பார்த்த படத்தில் இருந்தது. இதே சன்னல், இதே நீலச் சட்டம், வெளியே ஒரு புல்மேடு, மேட்டுக்கு அப்பால் அடிவானம் வரை தண்ணீர். இப்போது புல்மேடு இருந்தது. அதன் மேல் சில செம்மறி ஆடுகள் இருந்தன. அப்பால் சாம்பல் நிறத்தில் சேறு, அதற்கும் அப்பால் சேறு.

"கடல் எங்கேட்டி?" என்று கேட்டேன்.

"போயிருக்கும்மா. வரும்," என்றாள் கீர்த்தனா, பக்கத்து வீட்டுக்காரர் கடைக்குப் போயிருக்கிறார் என்பதைப் போல.

நான் தூத்துக்குடிக்காரி. எங்கள் கடல் வைத்த இடத்தில் இருக்கும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். வள்ளம் தள்ளுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது, பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்துகிற எனக்கு ஒருநாளும் பெரிதாக இருந்ததில்லை. ஜெர்மனியின் வட கடல் அப்படியில்லை. ஒரு நாளில் இரண்டு தடவை கரையைக் கைவிட்டு வெகுதூரம் போய்விட்டுத் திரும்புகிறது. தீவின் மேற்கிலும் வடக்கிலும் இது அதிகம் என்று வதனி சொல்லியிருந்தார். அவர் சொன்னதாலேயே நான் காதில் வாங்கவில்லை.

தீவின் பெயர் ஃபோர். நாங்கள் தங்கிய கிராமத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தப்பு அந்த ஊருடையது அல்ல.

வதனி யார் என்று சொல்ல வேண்டும். கார்ல்ஸ்ரூஹேயில் என் மகள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருப்பவர். பதினாறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, இங்கேயே படித்து, இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறார். பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். என்னைவிட இரண்டு வயது இளையவர். பார்த்தால் பத்து வயது இளையவர் போல இருப்பார். அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

இந்தக் கோடையில் கீர்த்தனாவுக்குக் குடல்வால் வெடித்து அறுவைச் சிகிச்சை நடந்தது. எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான். "நீ பயந்துருவன்னு சொல்லலம்மா. கண்ணு முழிச்சப்போ அன்ரி பக்கத்துலயே இருந்தாங்க" என்றாள் தொலைபேசியில். அன்ரி என்றால் வதனி; ஆன்ட்டியை அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். ஆறுதலாகச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை நான் விசா அலுவலக வரிசையிலும், விமானத்திலும், இறங்கிய பிறகும் மென்றுகொண்டே இருந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, நாற்காலியில் அந்தப் பெண், அவர் கைக்குள் என் மகளின் கை. படம் முழுவதும் எனக்குத் தெரிந்தது. அந்த நாற்காலியில் நான் இல்லை.

நான் வந்து சேர்வதற்குள் தையல் காய்ந்து தழும்பாகிவிட்டது. மகள் நன்றாக இருந்தாள். அவளுடைய சமையலறைதான் என்னைக் கலங்க வைத்தது. நான் தபாலில் அனுப்பிய சாம்பார்ப் பொடி பிரிக்கப்படாமல் மேல் தட்டின் மூலையில் கிடந்தது. கை நீட்டினால் எடுக்கும் இடத்தில் வதனி வறுத்து இடித்த மிளகாய்த்தூள். ஊரில் கத்தரிக்காயைக் கண்டால் தட்டைத் தள்ளிவிடுகிற பெண், "அன்ரி மாதிரி தேங்காப்பால் விட்டு வைம்மா, நல்லா இருக்கும்" என்றாள். தொலைபேசியில் அவரிடம் பேசும்போது "ஓம் அன்ரி, ஓம்" என்கிறாள். இருபத்தேழு வருஷம் "ஆமா" என்று சொன்ன வாய்.

விடுமுறைக்கு அவள் ஓட்டல் என்றாள். நான்தான் சமையலறையுள்ள வீடு வேண்டும் என்றேன். இந்த நாட்டில் அப்படி வீடுகளை வாரக் கணக்கில் விடுகிறார்கள். சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்காரர் ஒதுங்கிவிடுவார். நாமே சமைத்து, சாப்பிட்டு, கழுவித் துடைத்து வைத்துவிட்டு வர வேண்டும். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று காரணம் சொன்னேன். வேறொருத்தியின் கை படாத ஒரு அடுப்பு எனக்கு ஒரு வாரத்துக்கு வேண்டியிருந்தது என்பதே உண்மை. ஏழு நாள் என் கையால் சமைத்துப் போட்டு, ஏழாம் நாள் முடிவதற்குள் அவளைச் சென்னை அலுவலகத்துக்கு மாற்றல் கேட்க வைத்துவிட வேண்டும். அவள் கம்பெனிக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. இதற்காகத்தான் வந்தேன் என்றே சொல்லலாம்.

எந்தக் கிராமம் என்று தேர்ந்தெடுக்க மூன்று மாலைகள் ஆயின. தீவில் ஒரு சிறு நகரமும் சில கிராமங்களும் இருந்தன. இரண்டாம் மாலை வதனி வடையோடு மேலே வந்தார். கணினியை எட்டிப் பார்த்தார்.

"விக் தான் வசதி, அக்கா. மணல் கரை. கடை இருக்கு, டொக்டர் இருக்கு, ஞாயிற்றுக்கிழமையும் அங்க கடை திறப்பினம். பிள்ளையள் சின்னனா இருக்கேக்க நாங்கள் ஒவ்வொரு வருஷமும் அங்கதான் போறனாங்கள். மற்றப் பக்கம் கடல் வத்தினால் வெறும் சேறுதான்."

வடை நன்றாக இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் படி இறங்கிய சத்தம் ஓய்ந்ததும் விக் நகரத்தைத் தவிர மற்ற ஊர்களை மட்டும் காட்டு என்றேன். நீலச் சன்னல் வீடு வந்தது. கோரை வேய்ந்த கூரை, வெள்ளைச் சுவர், சன்னல் நிறையக் கடல்.

"அங்க கடை கிடையாதும்மா."

"சமையலறை இருக்குல்ல?"

"பஸ்ஸும் கம்மி."

"நாம என்ன ஆபீசுக்கா போறோம்?"

சரிம்மா என்று பதிவு செய்தாள்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஹாம்பர்கில் எங்கள் ரயில் தாமதமாக நுழைந்தது, அடுத்த ரயில் எங்களைப் பார்த்துக்கொண்டே புறப்பட்டது. நம் ஊரில் ரயில் தாமதமானால் பெட்டி முழுக்க ஒரு குடும்பமாகிவிடும். அரசாங்கத்தைத் திட்டுவதில் ஆரம்பித்து முறுக்கு பரிமாறுவதில் முடியும். இங்கே எல்லோரும் ஒரு பெருமூச்சு விட்டார்கள், அவரவர் கைப்பேசிக்குள் போனார்கள். படகுத் துறையில் மீன் ரொட்டி சாப்பிட்டோம். வெட்டிய ரொட்டிக்குள் உப்பில் ஊறிய பச்சை மீன், அதன் மேல் வெங்காயம். வாலைப் பிடித்து இழுத்தால் முழு மீனும் வருகிறது. நான் ஒரு கடி கடித்துவிட்டு வெங்காயத்தை மட்டும் சாப்பிட்டேன். கீர்த்தனா இரண்டு ரொட்டி சாப்பிட்டாள். "முதல்ல எனக்கும் பிடிக்கல, அன்ரிதான் பழக்கினாங்க" என்றாள். கப்பல் போகும் வழி முழுவதும் கடலுக்குள் குச்சிகள் நட்டிருந்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. யார் சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அப்படி வந்து சேர்ந்து, கடல் இல்லாத சன்னலுக்கு முன் நின்றோம். ஊரில் இருந்த ஒரே ரொட்டிக் கடை மதியமே மூடியிருந்தது. கதவில் ஒட்டிய தாளைக் கீர்த்தனா படித்தாள்: செவ்வாய் காலை திறக்கும். திருச்செந்தூரில் ஞாயிற்றுக்கிழமை கடை மூடினால் ஊர் என்னாகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

என் பெட்டியில் சாம்பார்ப் பொடி, புளி, அப்பளம், ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு இருந்தன. அரிசியை வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வீட்டு அலமாரியில் முன்னால் தங்கியவர்கள் விட்டுப்போன உப்பும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் கிடைத்தன. பசித்த பிள்ளைக்கு எதையாவது செய்து கொடுத்தாக வேண்டும். அப்பளத்தைப் பொரித்தேன். கருவாட்டையும் போட்டேன்.

முதல் பிடி பொரிந்ததும் கூரை அலறியது. தீப்பெட்டி போன்ற ஒரு சின்ன வெள்ளைக் கருவி புகையை மோந்துவிட்டு அப்படிக் கத்தும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கீர்த்தனா துண்டை வீசினாள், நான் சன்னல்களைத் திறந்தேன், கருவாட்டு வாசனை தெருவுக்கு இறங்கியது. அடுத்த வீட்டிலிருந்து ரப்பர் செருப்போடு ஒரு வயதான பெண் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டையால் கருவியை ஒரு குத்துக் குத்தினார். சத்தம் நின்றது. அவர் பெயர் ஹெல்கா. மூக்கைச் சுளிப்பார் என்று காத்திருந்தேன். அவர் வாணலிக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார்.

"மீனான்னு கேக்கறாங்கம்மா. அவங்க பாட்டனார் காலத்துல இங்கயும் மீனைக் கயித்துல கட்டிக் காய வைப்பாங்களாம்."

ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டார். கண்ணில் நீர் வந்தது. இன்னொன்றை எடுத்தார். போனவர் அரை ரொட்டியும் வெண்ணெயும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய மகள் கனடாவில் இருக்கிறாளாம். வரும்போதெல்லாம் அம்மாவைச் சமையலறைக்குள் விடமாட்டாளாம், நீ உட்கார் என்பாளாம். அதைக் குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று கீர்த்தனாவின் மொழிபெயர்ப்பிலிருந்து எனக்குப் பிடிபடவில்லை. எப்படியானாலும் கனடாவிலிருந்து வருகிறாள் அல்லவா என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இருந்த சில பேருந்துகளில் ஒன்றைப் பிடித்து விக் நகரத்துக்கே போனோம். வேறு வழியில்லை. கடைகள் திறந்திருந்தன. மணல் கரை இருந்தது, அதன் ஓரத்தில் வீடு, அதன் ஓரத்தில் டீக்கடை, டாக்டர் பெயர்ப்பலகை. கூடாரம் போல முதுகு வளைந்த பிரம்பு நாற்காலிகளில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கடல் ததும்பிக்கொண்டு இருந்தது. வதனி சொன்னதில் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒன்றாவது தவறியிருக்கலாம்.

அரிசியும் காய்கறியும் வாங்கிக்கொண்டு நாங்களும் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். கீர்த்தனா கையை நீட்டிக் காட்டினாள். "அந்தப் பாலத்துக்கிட்டதாம்மா அன்ரியோட பையன் சின்ன வயசுல காணாமப் போயிட்டானாம். எல்லாரும் தண்ணிக்குள்ள தேடுறாங்க, அவன் ஐஸ்கிரீம் கடையில நிக்கிறானாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் பார்க்காத சம்பவம், அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. ஆனாலும் சொந்த வீட்டுக் கதையைப் போலச் சொன்னாள். என்னிடமும் அவளைப் பற்றிக் கதைகள் இருக்கின்றன, எங்கள் ஊர் முயல் தீவில் அவள் நண்டுக்குப் பயந்து என் தோளில் ஏறியது போல. அதை ஞாபகப்படுத்தினேன். "அப்படியா? எனக்கு ஞாபகமே இல்லம்மா" என்றாள்.

ஏழாம் நாள் வரை பொறுத்திருக்க முடியவில்லை. அங்கேயே கேட்டுவிட்டேன். சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடு, இன்னொரு தடவை இப்படி ஏதாவது என்றால் எனக்குத் தாங்காது என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், குரல் உடைந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோசிக்கிறேம்மா. அன்ரிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

நான் கையை எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது சன்னலுக்கு வெளியே பழையபடி சேறு. வேலியோரம் நின்ற ஹெல்கா, மதியம் கடல் மேட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது, வெயிலில் அவ்வளவு அழகாக இருந்தது, நீங்கள் எங்கே போய்விட்டீர்கள் என்றாராம்.

அன்று சமைத்தேன். சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறது என்று மூன்று தடவை சொன்னாள். விருந்தாளிகள்தான் அப்படிச் சொல்வார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும், அவள் தூங்கும்போதே எழுந்து புல்மேட்டைத் தாண்டி இறங்கினேன். எதிரே சேறு காலை வெளிச்சத்தில் கண்ணாடியாக மினுங்கியது. தூத்துக்குடியில் பிறந்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. பாத்தி பாத்தியாக நீர் தேங்கி, நடுவில் வெளுத்த திட்டுகள், பறவைகள்: அச்சு அசல் உப்பளம். சிறு வயதில் எத்தனையோ நாள் நான் உப்பளத்து வரப்பில் நடந்திருக்கிறேன். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கோபம் வேறு கால்களைத் தள்ளியது. அன்ரியிடம் ஒரு வார்த்தை. அன்ரியிடம் ஒரு வார்த்தை. இதைச் சொல்லிக்கொண்டே வெகுதூரம் நடந்துவிட்டேன்.

உப்பளத்துக்கு அடியில் மனிதர்கள் மிதித்து இறுக்கிய தரை உண்டு. இதற்கு அடியில் அப்படி ஒன்றும் இல்லை. ஒரு வாய்க்கால் போல நீர் ஓடிய இடத்தைத் தாண்டக் கால் வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போனது. மற்றக் காலை ஊன்றினேன், அதுவும் போனது. இழுக்க இழுக்கச் சேறு உறிஞ்சியது. வாய்க்கால் நீர் இப்போது கடலை நோக்கி ஓடவில்லை, கடலிலிருந்து என்னை நோக்கி ஓடியது. அப்போதுதான் கத்தினேன்.

கீர்த்தனா இரவு உடையோடு ஓடி வந்தாள். பின்னால் தொலைவில் ஹெல்கா ஏதோ கூவிக்கொண்டே வந்தார். காத்திரு, இழுக்காதே என்று கூவினார் என்று பிறகு தெரிந்தது. கீர்த்தனா காத்திருக்கவில்லை. என் அக்குளுக்குள் கை கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். ஒரு கால் வந்தது. இன்னொரு தடவை தூக்கினாள். இருவரும் பின்பக்கமாகக் கெட்டியான இடத்தில் விழுந்தோம். நான் எழுந்தேன், அவள் எழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள்.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வராது. ஹெல்காவின் கார், இருக்கை முழுவதும் சேறு, சன்னலில் ஓடிய ஆடுகள், அவளுடைய நெற்றி வேர்வை. "ஒண்ணுமில்லம்மா" என்று அவள் சொல்லச் சொல்ல என் பயம் ஏறியது. அந்தத் தையல் என்னால் பிரிந்திருக்கும் என்றே நினைத்தேன். கடையும் டாக்டரும் இருக்கிற ஊரில் இருந்திருந்தால் மூன்று நிமிடம். நான் தேர்ந்தெடுத்த ஊரிலிருந்து தீவின் மறுமுனைக்குப் போக வேண்டியிருந்தது.

மருத்துவமனையில் அவளைச் சக்கர நாற்காலியில் ஒரு கதவுக்குள் கொண்டுபோனார்கள். நான் பின்னால் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்த இளம்பெண் எழுந்து வழிமறித்து ஏதோ கேட்டாள். ஹெல்கா காரை நிறுத்தப் போயிருந்தார். இடுப்பு வரை சேற்றோடு, செருப்பில்லாமல், வாயைத் திறந்தபடி நின்றேன். அவள் மறுபடி கேட்டாள். எனக்குத் தமிழும் வரவில்லை. அவள் நாற்காலியைக் காட்டினாள், கதவு சாத்திக்கொண்டது.

புறப்படும்போது ஹெல்கா வீட்டுக்குள்ளிருந்து எடுத்து என் கையில் திணித்த கீர்த்தனாவின் கைப்பேசி ஒலித்தது. திரையில் 'அன்ரி' என்று இருந்தது. தினமும் வேலைக்குப் போகும் வழியில் கூப்பிடுவாராம். எடுத்தேன். அதுவரை அவரிடம் நானாக ஒரு வார்த்தை பேசியதில்லை. என்ன சொன்னேன் என்று தெரியாது. சேறு, விழுந்துவிட்டாள், வயிறு, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று ஏதோ சொன்னேன்.

அவர் கேட்டது எனக்கு வினோதமாக இருந்தது.

"நீங்கள் இப்ப உள்ளுக்கோ, வெளியிலயோ?"

"வெளியில. என்னவோ கேக்கறாங்க, எனக்குப் புரியல."

"அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அந்தப் பிள்ளையிட்டைப் போய் 'முட்டர்' எண்டு மட்டும் சொல்லுங்கோ. அம்மா எண்டு அர்த்தம். வேற ஒண்டும் சொல்லாதேங்கோ. இப்ப போங்கோ."

அது எனக்குத் தெரியாத சொல்லா? வந்த முதல் வாரமே கற்றுக்கொண்டது. அந்த நேரத்தில் வாயில் இல்லை. அதையும் இவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டுமா என்று, அந்த நிலையிலும், நெஞ்சுக்குள் ஒன்று குத்தியது. மேசைக்குப் போனேன். சொன்னேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அவளே வந்து கதவைத் திறந்து, ஈரத் துண்டு ஒன்றைக் கொடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டாள்.

தையல் பிரியவில்லை. தசை இழுத்துக்கொண்டிருக்கிறது, ஒரு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். "அம்மாவைக்கூடத் தூக்கக் கூடாதாம்" என்று கீர்த்தனா மொழிபெயர்த்தாள். அந்த மருத்துவர் உண்மையிலேயே அப்படிச் சொன்னாரா, இவளாகச் சேர்த்தாளா தெரியாது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை மாதம் நான் பொறாமைப்பட்ட நாற்காலி அதுதான். உட்கார்ந்து பார்த்தால் அதில் சுகமாக ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை ரொட்டிக் கடை திறந்தது. நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். மதியம் கடல் வந்தது. சத்தமே இல்லாமல், தரையில் கொட்டிய தண்ணீர் பரவுவது போல, எல்லாப் பக்கமிருந்தும் வந்து மேட்டின் அடியில் நின்றது. கீர்த்தனாவைத் தலையணையில் சாய்த்து உட்கார வைத்துக் காட்டினேன். இருவரும் பார்த்தோம். மாற்றலைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மாத்திரைக்கு அவள் தூங்கிப்போனாள்.

மாலைப் பேருந்திலிருந்து ஒரே ஒரு ஆள் இறங்கினார். தோளில் பை, கையில் இன்னொரு பை, காற்றுக்குத் தலையைக் குனிந்துகொண்டு வதனி வந்தார். விடியற்காலை கார்ல்ஸ்ரூஹேயில் ரயில் ஏறியிருந்தால்தான் அந்த நேரத்துக்கு வந்திருக்க முடியும். வாங்க என்று சொன்னேன். மனதுக்குள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவளை என்னிடம் தனியாக விட்டுவைக்க மாட்டாளா இந்தப் பெண் என்று நினைத்தேன்.

"பிள்ளை நித்திரையோ?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். எழுப்பட்டுமா என்றேன். வேண்டாமென்று தலையசைத்தார். அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே போவார் என்று ஒதுங்கி நின்றேன். அவர் போகவில்லை. வாசலிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, சமையலறையில் வந்து உட்கார்ந்தார். காலையில் கடையில் ஏழெட்டுப் பேருக்குக் கண் பார்க்க நேரம் குறித்திருந்ததாம், எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டு வந்தாராம். டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை நேற்று நீங்கள் கூப்பிட்டீர்கள், போன தடவையும் நீங்கள்தான் கூடவே இருந்தீர்கள் என்று மரியாதைக்கு ஏதோ சொன்னேன்.

"இல்லை, அக்கா," என்றார் வதனி. "நான் கூட இருக்கேல்லை. அண்டைக்கு அம்புலன்சுக்குப் பின்னால போய் நிண்டனான். ஆர் நீங்கள் எண்டு கேட்டவை. அம்மா எண்டு ஒரு பொய் சொல்லியிருந்தா விட்டிருப்பினம். எனக்கு வாய் வரேல்லை. அயல்வீடு எண்டு சொன்னனான். கதவைச் சாத்திப் போட்டினம். பிள்ளை உயிரோட இருக்கிறாளோ இல்லையோ எண்டுகூட ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. விடிஞ்சு, பார்வையாளர் நேரம் வந்தாப் பிறகுதான் உள்ளுக்குப் போனனான். அப்பதான் அவள் கண் முழிச்சவள். முழு நேரமும் நான் இருந்தனான் எண்டு அவள் நினைச்சுப் போட்டாள், நானும் சொல்லேல்லை."

டீயைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா அப்பிடி வெளியில இருக்க என்னாலை ஏலாது, அக்கா. மாற்றல் கதை பிள்ளை நேற்று எனக்குச் சொன்னவள். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டா கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லையெண்டா நீங்கள் இஞ்ச வந்து இருங்கோ."